மாத்திரைப் பெயருக்குள் ஒரு தீவு

எவரோலிமஸ், லெட்ரோசோல். முற்றிய கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய்க்குச் சில பெண்களுக்குச் சேர்த்தே கொடுக்கப்படும் இரண்டு மாத்திரைகள். மருந்துப் பெயரின் வாலைப் பார்த்தால் குலம் தெரிந்துவிடும். 'ட்ரோசோல்' என்று முடிபவை, உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாகத் தேவையான அரோமடேஸ் நொதியைத் தடுப்பவை. 'ரோலிமஸ்' என்று முடிபவை, ராபமைசின் வழிவந்த நோயெதிர்ப்பு அடக்கிகள். புற்றுநோய்க்காரருக்கு எதிர்ப்பாற்றலை அடக்குகிற மருந்தா என்று படிப்பவர் திடுக்கிடலாம். அந்த வால் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை தந்தது. அதற்கும் மூத்தது ராபமைசின் என்ற பெயர்.

'ராபா' ஒரு தீவு. 1722இல் ஈஸ்டர் ஞாயிறன்று பசிபிக்கில் அதைக் கண்ட டச்சு மாலுமி ரொக்கவேன் ஈஸ்டர் தீவு என்றார். பாலினீசியர் வாயில் அது ராபா நூயி, பெரிய ராபா. சின்ன ராபாவான ராபா இட்டி மேற்கே வெகுதொலைவில் இருக்கிறது. 'மைசின்' பூஞ்சையைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து வந்தது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா பூஞ்சைபோல இழைவிட்டு வளர்வதால் அந்தப் பெயர் பெற்றது. அது தரும் மருந்துகளுக்கும் 'மைசின்' ஒட்டிக்கொண்டது.

1964 டிசம்பரில் கனடா மருத்துவக் குழு ஒன்று கப்பலில் அங்கே போய் இறங்கியது. வெறுங்காலோடு நடமாடும் தீவுவாசிகளுக்கு டெட்டனஸ் அரிதாக இருப்பது ஏன் என்று யோசித்த நுண்ணுயிரியலாளர் ஜார்ஜ் நோக்ராடி, தீவைப் பல கூறுகளாகப் பிரித்து மண் எடுத்தார். அந்த மண் மாண்ட்ரியலில் அயர்ஸ்ட் ஆய்வகத்துக்குப் போனது. அங்கே அந்த மண்ணிலிருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸிலிருந்து கிடைத்த பூஞ்சைக்கொல்லிக்குத்தான் ராபமைசின் என்று பெயர். அந்தக் கண்டுபிடிப்பு 1975இல் கட்டுரையாக வெளிவந்தது. ராபமைசினைப் பிரித்தெடுத்தவர்களில் முதன்மையானவர் பஞ்சாபில் பிறந்த சுரேன் சேகல். 1980களில் நிறுவனம் அந்த ஆய்வகத்தை மூடியபோது, அதைத் தரும் நுண்ணுயிரை வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றியவரும் அவரே. அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் 'ரோலிமஸ்' குடும்பமே கிடைக்காமல் போயிருக்கலாம். எதிர்ப்பாற்றலை அடக்குவதால் ராபமைசின் 1999இல் சிரோலிமஸ் என்ற பெயரில் சிறுநீரக மாற்றுக்கு ஒப்புதல் பெற்றது. புதுப் பெயரில் ராபாவைக் காணோம்.

ஆனால் தீவு வேறொரு பெயருக்குள் குடியேறிவிட்டிருந்தது. 1991இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஹெய்ட்மன், ராவ் மோவா, மைக்கேல் ஹால் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஈஸ்டில் ராபமைசின் போய்த் தாக்கும் மரபணுக்களைக் கண்டு, 'ராபமைசினின் இலக்கு' என்பதை ஆங்கிலத்தில் சுருக்கி 'டார்' என்றார்கள். அதே எழுத்துகள் ஜெர்மனில் 'டோர்', அதாவது வாயில். பாசலின் பழைய கோட்டைவாயிலான ஸ்பாலன்டோரும் அவர்கள் மனதில் இருந்தது. பாலூட்டிகளிலும் அதே புரதம் தெரிந்ததும் முன்னால் பாலூட்டியைக் குறிக்கும் ஓர் 'எம்' சேர்ந்து 'எம்டார்' ஆயிற்று. ஒரு புரதத்துக்கு அதைத் தாக்கும் மருந்தாலேயே பெயர் வைத்தது எனக்கு இன்றும் வியப்பு.

ஊட்டமும் வளர்ச்சிக் கட்டளையும் கிடைக்கும்போது செல்லை வளரச் சொல்வது எம்டார். பி-டென் என்ற மரபணு அந்த வழியை அடக்கிவைக்கிறது. கருப்பை உட்சவ்வுப் புற்றுநோயில் பி-டென் பழுதாவது மிகச் சாதாரணம். இந்தப் புற்றுகளில் பல ஈஸ்ட்ரோஜனாலும் வளர்பவை. மாதவிடாய் நின்றபின் கொழுப்புத் திசுவே அந்த ஹார்மோனைத் தந்துகொண்டிருக்கும். ஹார்மோன் வழியை மட்டும் அடைத்தால் செல் எம்டார் வழியில் தப்பிவிடக்கூடும். அதனால்தான் லெட்ரோசோலால் ஹார்மோன் வழியையும் எவரோலிமஸால் எம்டார் வழியையும் சேர்த்து அடைக்கிறார்கள்.

இந்தச் சேர்க்கையைப் பற்றி 2015இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், 35 பெண்களில் 11 பேருக்குக் கட்டி சுருங்கியது. அவர்களில் 9 பேருக்குப் பரிசோதனையில் கட்டியே தென்படவில்லை. 2022இல் வெளியான அடுத்த ஆய்வில் 74 பேர். எவரோலிமஸ்-லெட்ரோசோல் பெற்றவர்களில் 22 சதவீதத்தினருக்கும், டாமாக்சிஃபெனும் புரோஜெஸ்டினும் பெற்றவர்களில் 25 சதவீதத்தினருக்கும் பலன் கிடைத்தது. இந்த எண்ணை மட்டும் பார்த்துப் புதுச் சேர்க்கையை ஒதுக்கிவிடக் கூடாது. அதற்குமுன் கீமோதெரபியே பெறாத பெண்களுக்கு, எவரோலிமஸ் சேர்க்கையில் நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் 28 மாதம். வாய்ப்புண்ணும் ரத்தச் சர்க்கரை ஏற்றமும் இதற்குக் கொடுக்கும் விலை.

ராபா நூயியில் அந்த மண் எடுத்த இடத்தில் பிரேசில் ஆய்வாளர்கள் 2000 நவம்பரில் ஒரு கல் நட்டார்கள். போர்த்துகீசிய மொழியில் இருக்கும் அந்தக் கல்வெட்டு உறுப்பு மாற்று நோயாளிகளை மட்டுமே சொல்கிறது. கருப்பைப் புற்றுநோயுள்ள பெண்களுக்கு எவரோலிமஸ் வந்தது அதற்குப் பிறகு.