வயற்காவல் துப்பாக்கி: தோட்டாவின் நீளத்தையும் பாருங்கள்

கதிர் முற்றும் காலத்தில் கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், இறக்காமம் பகுதி வட்டைகளில் பன்றிக் காவல் தொடங்கிவிடும். அனுமதிப்பத்திரமுள்ள 12 போர் துப்பாக்கிகள் அப்போதுதான் பெட்டியை விட்டு வெளியே வரும். வாப்பா காலத்துத் துப்பாக்கியை மகன் வைத்திருப்பதும் உண்டு. துப்பாக்கி பழையது, தோட்டா புதியது. இரண்டும் பொருந்துமா என்று கேட்டால், “உள்ள போகுதுதானே” என்ற பதிலையே நான் அதிகம் கேட்டிருக்கிறேன். உள்ளே போவது பொருத்தத்துக்கு அத்தாட்சி அல்ல.

12 போர் என்பது குழலின் அகலத்தை மட்டுமே சொல்கிறது. ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம், அதாவது சுமார் 18.5 மில்லிமீற்றர். நீளம் வேறு கணக்கு. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை 65 மி.மீ. (இரண்டரை அங்குலம்). இன்று பரவலாகக் கிடைக்கும் தோட்டா 70 மி.மீ. (இரண்டே முக்கால் அங்குலம்). 76 மி.மீ. (மூன்று அங்குலம்) தோட்டாவும் இருக்கிறது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் நீளம், சுட்ட பின் விரிந்து நிற்கும் கோதின் நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் அது குட்டையாக இருக்கும். அதனால் 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. அறைக்குள் தடையில்லாமல் நுழையும். துப்பாக்கியும் ஒழுங்காகப் பூட்டிக்கொள்ளும். ஆனால் சுடும்போது மடிப்பு விரிய இடம் இருக்காது. அறைக்கு முன்னால் குழல் ஒடுங்கும் இடத்தில் கோதின் வாய் புகுந்து, சன்னங்கள் போகும் வழியை நெரிக்கும். பின்னால் வாயு தேங்கி அழுத்தம் ஏறும்.

சர்வதேசத் தரத்தில் சாதாரண 12 போர் 70 மி.மீ. தோட்டாவுக்கான உச்ச அழுத்தம் 740 பார். உயர்வலுத் தோட்டாவுக்கு 1,050 பார். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். பழைய குழல் இதைவிடக் குறைந்த அழுத்தத்துக்குச் சோதிக்கப்பட்டதாக இருக்கலாம். குழல் வீங்கினாலோ பிளந்தாலோ முதலில் அடிபடுவது அதைத் தாங்கும் கை, அடுத்தது கண். பத்து முறை சுட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்பது பதினோராவது முறைக்கு உத்தரவாதம் ஆகாது.

கைத்துப்பாக்கியில் ஆபத்து மறுபக்கம் இருக்கிறது. 9 மி.மீ. தோட்டாவில் குண்டு அளவுக்கு மீறி உள்ளே அமுங்கினால் மருந்துக்கான வெளி சுருங்கி அழுத்தம் சடுதியாக உயரும். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த ஆழ வித்தியாசம் அழுத்தத்தை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்தியதை அமெரிக்காவின் ஸ்பியர் நிறுவனம் சோதித்துக் காட்டியிருக்கிறது. தோட்டாவைத் தாமே நிரப்பும் வெளிநாட்டுப் போட்டியாளர்கள் நீளத்தைக் கருவி வைத்து அளப்பது இதற்காகத்தான். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் உள்ள நம் நாட்டில், வீட்டில் தோட்டா நிரப்பும் எண்ணமே வேண்டாம்.

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் செய்யவேண்டியவை:

• துப்பாக்கி வெறுமையாக உள்ளதா என்று உறுதிசெய்து, குழலின் அடிப்பக்கத்தில், அறைக்கு அருகே உள்ள முத்திரையைப் பாருங்கள். 2½ அல்லது 65 என்றிருந்தால் 70 மி.மீ. தோட்டா வேண்டாம்.

• முத்திரை தேய்ந்திருந்தால் ஊகிக்க வேண்டாம். அனுமதி பெற்ற திருத்துநரிடம் அறையை அளந்துகொள்ளுங்கள்.

• 20 போர் தோட்டாவை 12 போர் தோட்டாவுடன் கலந்து வைக்காதீர்கள். அது 12 போர் குழலுக்குள் வழுக்கிப்போய் இறுகிவிடும். பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாவின் கோது மஞ்சள் நிறத்தில் வருவது இந்த எச்சரிக்கைக்காகவே.

• சத்தம் வழமையைவிட மெலிதாகக் கேட்டால் அடுத்த வெடி வைக்க வேண்டாம். தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலில் ஏதும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறோம். அதோடு சேர்த்துக் குழலின் முத்திரையையும் கையிருப்புத் தோட்டாப் பெட்டியையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.