நோயற்றவர்க்கும் நாடி பார்த்தல்

2021 செப்டம்பர் 29ஆம் நாள் நம் சேலம் மாவட்டத்து வாழப்பாடியில், முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ‘கலைஞரின் வருமுன் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1999இல் மு.கருணாநிதி ஆட்சியில் தோன்றி, இடையில் நின்றுபோன மருத்துவ முகாம்களின் மறுபிறப்பு அது. நோய் தோன்றாதவரையும் மருத்துவர் முன் அமர்த்தும் இம்முறை எங்கிருந்து வந்தது?

உடல்நலத்தைக் காத்தல், இழந்த நலத்தை மீட்டல் என மருத்துவத்திற்கு இரு பணிகளை ‘அல்கானூன்’ தொடக்கத்திலேயே வகுத்தார் இப்னு சீனா (மறைவு ஹிஜ்ரி 428; கி.பி. 1037). அவருக்கு முன் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், ஜாலீனூஸின் வழிநின்று நலம், நோய், இரண்டுமல்லாத நிலை என மூன்றைக் கூறினார். அந்த மூன்றாம் நிலையன்றோ இன்று இரத்த அழுத்தமாகவும் சர்க்கரையாகவும் நம் வீடுகளில் ஓசையின்றி உலவுகிறது! எனினும் அப்பெருமக்கள் காப்பு என்றது உணவு, உறக்கம், உழைப்பு, நீராடல் ஆகியவற்றின் ஒழுங்கையே.

குறித்த காலந்தோறும் உடலைச் சோதிக்க வேண்டுமென 1861இல் வலியுறுத்தியவர் இலண்டன் மருத்துவர் ஹோரேஸ் டோபெல். 1922இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதனை ஆதரித்தது. 1979இல் கனடாவின் வல்லுநர் குழுவோ, ஆண்டுச் சோதனையைக் கைவிட்டு, வயதிற்கும் இடருக்கும் ஏற்பச் சோதிக்கச் சொன்னது. 2019இல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்தது. இரண்டரை இலட்சம் பேரைக் கொண்ட அவற்றில், பொதுச் சோதனையால் இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை.

அப்படியாயின் வாழப்பாடி வீணா? இல்லை என்பதே நம் கருத்து. அவ்வாய்வுகள் நடந்த மேலைநாடுகளில், வேறு காரணத்திற்காக மருத்துவரிடம் செல்பவருக்கும் அழுத்தம் அளக்கப்படும். நம் ஊர்களில் தறிமேடையை விட்டு இறங்காதவரும், லாரியிலேயே மாதத்தைக் கழிப்பவரும், அடுக்களையைத் தாண்டாத நம் பெண்மக்களும் அதை ஒருமுறையேனும் அளந்திருப்பரா? அவர்களுக்கு வேண்டியது கையில் கட்டும் பட்டையும் ஒரு துளி இரத்தமுமே. ‘மாஸ்டர் செக்கப்’ என ஆயிரங்களை வாங்கி, ஐயத்திற்குரிய ஒரு நிழலைக் காட்டி மேலும் பத்துச் சோதனைகளுக்கு அனுப்பும் வாணிபம் வேறு. பெருநாள் செலவைக் குறைத்து அதற்குப் பணம் சேர்க்கும் குடும்பங்களை நாமறிவோம்.

கண்டறிந்தபின் மாத்திரை தொடர வேண்டுமே! அதே ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிற்று. அழுத்தத்திற்கும் சர்க்கரைக்குமான மாத்திரையை வீட்டு வாசலுக்கே பெண் பணியாளர் கொண்டுவருகிறார். வெளியே செல்லத் தயங்கும் நம் பெண்களும் அவரிடம் தயங்காமல் கை நீட்டலாம்.