புதுமண்டபத்தின் முக்கோணங்கள்: மதுரைத் தையற்கலையின் அளவுக் கணக்கு

மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே நிற்கும் புதுமண்டபம், 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரால், கோடையில் இறைவன் எழுந்தருளும் வசந்த விழாவுக்கென எழுப்பப்பட்டதாகும். 333 அடி நீளமும் 105 அடி அகலமும் 124 தூண்களும் கொண்ட அம்மண்டபம் சிற்பத்துக்காகவே பெரிதும் அறியப்பட்டிருப்பினும், அண்மைக் காலம் வரை அத்தூண்களின் இடையே தையல் எந்திரங்களை வரிசையாக இட்டு அமர்ந்திருந்த தையற்காரர்களால் அது மதுரையின் துணிக்கலை வரலாற்றிலும் தனியிடம் பெறுகிறது. தேர்களுக்கான தொம்பைகள், சுவாமி குடைகள், கொடிகள், சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொள்ளும் பக்தர்களின் உடைகள் ஆகியவை அங்கே வெட்டித் தைக்கப்பட்டன. கண்ணைக் கவரும் நிறங்களுக்குப் பின்னால் இத்தொழிலைத் தாங்கி நிற்பது முக்கோணத் துணித்துண்டுகளைப் பிசகின்றி இணைக்கும் அளவுக் கணக்கே.

மதுரைக்கும் துணிக்கும் உள்ள உறவு நாயக்கர் காலத்துக்கு மிகவும் முற்பட்டது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, நகரின் அங்காடிகளில் பல்வேறு கொடிகள் பறந்ததைச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, பருத்தியாலும் மயிராலும் பட்டாலும் நெய்த துணிகள் மடித்து அடுக்கப்பட்டிருந்த அறுவை வீதியை, அதாவது துணிக்கடைத் தெருவை, மதுரையில் காட்டுகிறது. அதே காப்பியம் புகார் நகரைப் பாடும்போது, துணி தைப்போரைத் துன்னகாரர் என்ற பெயரால் தனித் தொழிலினராகவே குறிக்கிறது. வெட்டாத துணியை உடுத்துவதே பெருவழக்காக இருந்த நாட்டில், வெட்டித் தைக்கும் கைவினைக்குப் பெருந்தேவை எழுந்த இடங்களுள் கோயில் விழாவும் ஒன்று.

அத்தேவை மதுரையில் பெருகியதற்குத் திருமலை நாயக்கரின் விழாச் சீரமைப்பு ஒரு முதன்மைக் காரணம். மாசியில் நடைபெற்ற மீனாட்சி திருக்கல்யாணத்தையும் தேரோட்டத்தையும் அவர் சித்திரைக்கு மாற்றி, தேனூரில் வைகையில் இறங்கிவந்த அழகரை மதுரைக்கு வரச்செய்து, சைவ வைணவ விழாக்கள் இரண்டையும் ஒரே காலத்தில் அமைத்தார் என்பது மதுரையில் வழங்கும் வரலாறு. இதனால் சுற்றுவட்டாரச் சமவெளியின் வேளாண் மக்கள் அனைவரும் ஒரே பருவத்தில் நகரில் கூட, தேர், சப்பரம், மண்டகப்படி ஆகிய எல்லாவற்றுக்கும் வேண்டிய அலங்காரத் துணி ஒரே காலத்தில் தேவைப்பட்டது.

அவ்வலங்காரத் துணிகளுள் தலையாயது தொம்பை. தேரின் விளிம்பிலும் மண்டபத்தின் முகப்பிலும் உருளை வடிவில் தொங்கவிடப்படும் இத்துணிக் குழலின் உடல் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை போன்ற அழுத்தமான நிறங்களில் அமையும். அதன்மேல் மயில், யானை, தாமரை, கிளி முதலிய உருவங்களை வேறு நிறத் துணியில் வெட்டி வைத்து, விளிம்பை மடித்துத் தைப்பார்கள். ஒரு துணியின் மேல் மற்றொன்றை வைத்துத் தைக்கும் இம்முறை ஒட்டுத்தையல் எனப்படும். ஒடிசாவின் பிப்பிலியில் புரி ஜெகந்நாதர் கோயிலுக்காகத் தைக்கப்படும் சந்துவா விதானங்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. துணியின் விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைக்கும் இணைப்புத்தையல் இதனினும் வேறானது. தொம்பையின் கரைகளில் வரிசையாக ஓடும் முக்கோணங்கள் எம்முறையில் அமைந்தாலும், அவை பிசகினால் எவ்வளவு அழகிய மயிலும் அப்பிசகை மறைக்காது.

அப்பிசகு எவ்வாறு நேர்கிறது என்பதைக் கணக்காகவே காணலாம். விட்டம் 14 அங்குலம் கொண்ட ஒரு தொம்பையின் சுற்றளவு 44 அங்குலம் ஆகும். அதில் அடிப்பக்கம் 4 அங்குலம் உடைய முக்கோணங்களை நிரப்பினால் 11 வரும். அது ஒற்றைப்படை எண்ணாகையால், சிவப்பும் மஞ்சளும் மாறி மாறி வரும் வரிசை சுற்றி முடியும் இடத்தில் இரு சிவப்புகள் அருகருகே அமைந்துவிடும். அடிப்பக்கத்தை 2 அங்குலமாகக் குறைத்தால் 22 முக்கோணங்கள் அமைந்து நிறவரிசை சரியாக மூடும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, கூடிப்போனால் மொத்தத்தில் 22 நூல், அதாவது 2¾ அங்குலம் மிஞ்சி, கடைசி முக்கோணத்துக்கு இடமே இராது. குடையிலோ இணைப்புத்தையலே அடிப்படை. எட்டு முக்கோணத் துண்டுகளை இணைத்து அமைக்கும் குடையில் ஒவ்வொரு துண்டின் இரு பக்கத்திலும் ஒரு நூல் மிகுதியாகப் பிடித்துத் தைத்தால், சுற்றளவில் 16 நூல், அதாவது 2 அங்குலம் குறைந்து, துணி குடைக்கம்பிகளின்மேல் ஏறாது. மேலும் நேர் நூலில், அதாவது துணியின் இழை ஓடும் திசையில், வெட்டிய விளிம்பு நீளாது. கிராஸாக, அதாவது பாவுக்கும் ஊடைக்கும் மூலைவாட்டில் வெட்டிய விளிம்பு இழுத்த பக்கம் நீளும். முக்கோணத்தின் சாய்ந்த பக்கங்கள் பெரும்பாலும் கிராஸாகவே அமைவதால், எந்திரத்தின் பல் துணியை இழுக்கும்போது கை அதை இழுக்காமலும் தடுக்காமலும் செலுத்த வேண்டியிருக்கிறது.

இதே கணக்கு உலகின் மறுகோடியிலும் வளர்ந்தது. சோழமண்டலக் கடற்கரையிலிருந்து ஏற்றுமதியான சாயமிட்ட பருத்தித் துணிகள் 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒட்டுத்துணிப் போர்வைகளுக்கு விருப்பமான மூலப்பொருளாயின. அப்போர்வை மரபில் ‘பிளையிங் கீஸ்’, அதாவது பறக்கும் வாத்துகள், என்ற வடிவம் புகழ்பெற்றது. நீளம் அகலத்தைப்போல் இருமடங்கான ஒரு செவ்வகத்தில், நடுவே ஒரு பெரிய முக்கோணமும் அதன் இருபுறமும் இரு சிறிய முக்கோணங்களும் அமைவதே அவ்வடிவம். தைத்து முடிந்தபின் 4 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் கொண்ட நான்கு கட்டங்கள் வேண்டுமெனில், 5¼ அங்குலச் சதுரம் ஒன்றும், 3 அங்குலத்துக்கு ஒரு நூல் குறைந்த சதுரங்கள் நான்கும் வெட்ட வேண்டும். சிறு சதுரங்கள் இரண்டைப் பெரிய சதுரத்தின் எதிரெதிர் மூலைகளில் வைத்து, மூலைவிட்டக் கோட்டின் இருபுறமும் இரண்டு நூல் தள்ளித் தைத்து, கோட்டின்மேல் வெட்டிப் பிரித்து, கிடைக்கும் இரு பாதிகளிலும் எஞ்சிய சதுரங்களை ஒவ்வொன்றாக அவ்வாறே தைத்து வெட்டினால் நான்கு கட்டங்களும் கிடைக்கும். முக்கோணமாக முன்பே வெட்டாமல் சதுரமாகவே தைத்துப் பின் வெட்டுவதால் கிராஸ் விளிம்பு நீள வாய்ப்பில்லை என்பதே இம்முறையின் நுட்பம். தையலுக்கு விடும் இரண்டு நூல் துணி, சாய்ந்த பக்கத்தில் கூடுதலான துணியை விழுங்கும் என்ற வடிவியல் உண்மை மதுரைக் குடைக்கும் அமெரிக்கப் போர்வைக்கும் பொதுவானது.

கையால் தைத்த காலத்திலிருந்து எந்திரத்துக்கு மதுரையின் தையல் தொழில் மாறியபோது அளவின் கண்டிப்பு கூடியது. 1851இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சிங்கர் தையல் எந்திரம் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்து, பின்னர் தையற்கடைகளின் அடிப்படைக் கருவியாயிற்று. 1930களில் கல்கத்தாவில் உஷா எந்திரம் தோன்றியபின் விலையும் எட்டும் நிலைக்கு வந்தது. மதுரையில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மதுரா மில்ஸ் நூற்பாலை, 1974இல் ஜே. அண்டு பி. கோட்ஸ் நிறுவனத்தின் இந்தியப் பிரிவோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனபோது, தையல் நூல் என்றாலே நாடெங்கும் நினைவுக்கு வரும் பெயர்களுள் மதுரையும் ஒன்றாயிற்று.

புதுமண்டபத் தையற்காரர்களுள் பலர் இசுலாமியர் என்பது மதுரைச் சமூக வரலாற்றில் சிறப்பாகக் குறிக்கத்தக்கது. தலைமுறைகளாக அவர்கள் தைத்த தொம்பைகள் சிவாலயத் தேர்களில் தொங்கின. அழகர் வைகையில் இறங்கும் நாளில் திரியெடுத்து ஆடுவோரும் துருத்தி நீர் தெளிப்போரும் அணியும் சல்லடம் என்னும் அரைக்கால் சட்டையும், உருமால் என்னும் தலைத்துணியும், அவற்றின் சரிகைக் கரைகளும் அவர்கள் கைபட்டு உருவாயின. இவ்வேடங்களையும் அவற்றை ஏற்கும் வேளாண் குடிகளையும் தொ. பரமசிவன் தம் ‘அழகர் கோயில்’ ஆய்வில் விரிவாக ஆராய்ந்தார்.

1780களில் மதுரையில் இருந்த ஆடம் பிளாக்கடர் என்ற மருத்துவர் புதுமண்டபத்தின் தூண்களை வரையச் செய்தார். அவ்வரைபடங்கள் இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. கல்லுக்குக் கிடைத்த இக்கவனம் துணிக்கும் கிடைக்க வேண்டும். மண்டபத்தைச் சீரமைக்கும் பொருட்டுக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு அண்மையில் மாற்றப்பட்டது சிற்பங்களின் பாதுகாப்புக்குத் தேவையானதே. எனினும் தூண்களின் நிழலில் வளர்ந்த கணக்கும் அவ்வாறே பேணப்பட வேண்டும். வெயிலிலும் மழையிலும் தொங்கும் தொம்பை சில ஆண்டுகளில் நைந்து கழிந்துவிடுகிறது. அதை வெட்டிய அளவுகளோ பெரும்பாலும் கைப்பழக்கமாகவே கடத்தப்படுகின்றன. ஆகவே கோயில் நிர்வாகங்கள் கழிக்கும் பழைய தொம்பைகளில் சிலவற்றையேனும் எடுத்து வைத்துப் பாதுகாக்க வேண்டும். பல்கலைக்கழகங்களும் அருங்காட்சியகங்களும் மூத்த தையற்காரர்களிடமிருந்து வெட்டும் முறையையும் நூல் கணக்கையும் அவர்கள் சொற்களிலேயே, அளவுப்படங்களோடு, இப்போதே பதிவு செய்ய வேண்டும்.