மாநகரில் மாணவர்க்கு இடமுண்டோ?

கடல் கடந்து சென்று கல்வி பயின்றோரின் சரித்திரத்தை எழுதுவோர், அவர்கள் தேறிய பரீட்சைகளையும் பெற்ற பட்டங்களையும் விரிவாகக் கூறுவர். அவர்கள் இரவில் எங்கே தலை சாய்த்தனர், அதற்கு வாரந்தோறும் என்ன கொடுத்தனர் என்று கூறுவோர் சிலரே. நாள்தோறும் வரவு செலவைப் பேரேட்டில் பதியும் தோட்டத்துக் கிராணிமாராகிய நமக்கோ, இந்த இரண்டாவது கணக்கே முதலில் கண்ணிற் படுகிறது. லண்டன் மாநகரில் இந்திய மாணவர் ஜாகை தேடிய வரலாற்றை அக்கணக்கின் வழியே ஆராய்வோம்.

1888ஆம் ஆண்டில் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சேர்ந்த காந்தியார், முதலில் பெரியதோர் ஹோட்டலில் இறங்கினார். பின்னர் ஒரு குடும்பத்தாரோடு தங்கினார். செலவு மிகவே, தனியாக அறைகளை வாடகைக்கு எடுத்தார். அந்நாளில் சேரிப்பகுதியில் வாரம் 2 ஷில்லிங் வாடகை அறையில் வசித்து, மலிவான கடையில் கோக்கோவும் ரொட்டியும் உண்டு படித்த ஏழை மாணவன் ஒருவனை அவர் அறிந்தார். அதன் பிறகு தாமும் ஒரே அறைக்கு மாறி, காலை உணவைத் தாமே சமைத்து, நாளொன்றுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸில் காலந்தள்ளியதாகத் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். திவான் பதவி வகித்தவரின் மகனே இவ்வாறு காசை எண்ணினாரென்றால், சாமானியர் வீட்டுப் பிள்ளையின் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

காசு மட்டும் இருந்தாலும் போதவில்லை. நிறத்திற்கும் அங்கே ஒரு விலை இருந்தது. அறை காலியென்று அறிவித்த வீட்டுக்காரர், கறுத்த முகத்தை வாசலிற் கண்டதும் இடமில்லையென்று கதவைச் சாத்துவது நெடுங்கால வழக்கமாயிருந்தது. இவ்வாறு வீடு மறுப்பதைக் குற்றமெனச் சொல்லும் சட்டம் பிரிட்டனில் 1968ஆம் ஆண்டில்தான் பிறந்தது. அதுவரையில் மாணவர் என்ன செய்தனர்?

1905ஆம் ஆண்டில் சியாம்ஜி கிருஷ்ண வர்மா, லண்டன் ஹைகேட் பகுதியில் 'இந்தியா இல்லம்' என்னும் விடுதியைத் திறந்தார். அவர் உபகாரச் சம்பளமும் ஏற்படுத்தினார். ஆனால் அதைப் பெறுவோர் ஆங்கில சர்க்காரிடம் உத்தியோகம் ஏற்கலாகாது என்பது நிபந்தனை. பிற்காலத்தில் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த வரகனேரி வ. வே. சு. ஐயர் அவ்வில்லத்தில் தங்கியவர்களுள் ஒருவர். 1909 ஜூலையில் அவ்வில்லத்தோடு தொடர்புடைய மதன்லால் திங்கரா, கர்ஸன் வைலி என்ற அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். அதன்பின் இல்லம் மூடப்பட்டது.

சர்க்கார் வாளாவிருக்கவில்லை. 1910இல் குரோம்வெல் வீதியில், இந்திய மாணவர்க்குத் தகவல் சொல்லும் காரியாலயமும் தங்குமிடமும் அதன் ஆதரவில் அமைந்தன. கூரை கிடைத்தது, ஆனால் தங்களைக் கண்காணிக்கவே அது ஏற்பட்டதென்று மாணவர் பலர் ஐயுற்று ஒதுங்கினர். ஒருவர் தரும் கூரையின் கீழ் அவர் கண்ணும் இருக்குமென்பதை அவர்கள் கண்டுகொண்டனர்.

இந்நிலையில் முன்வந்தவர் சேலத்துத் தமிழர் ஒருவர். கே. டி. பால் என்னும் அவர், இந்தியாவின் வாலிபர் கிறிஸ்தவ சங்கங்களுக்குத் தேசிய பொதுக் காரியதரிசியான முதல் இந்தியர். அவர் முயற்சியால் 1920இல் லண்டனில் இந்திய மாணவர் சங்கமும் விடுதியும் தோன்றின. முதல் மகாயுத்தத்தில் சிப்பாய்களுக்கென எழுப்பிய தற்காலிகக் கட்டிடமே அதன் முதல் வீடு. 1923இல் கோவர் வீதிக்கு மாறியது. 1940இல் ஜெர்மானியர் குண்டு அதை அழித்தது. ஆயினும் முயற்சி சாகவில்லை. 1953இல் பிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதிய கட்டிடம் எழுந்தது. கிறிஸ்தவ சங்கம் நடத்திய விடுதியாயினும், எம்மதத்தாரும் அங்கே தங்கலாம்.

இதே பாடத்தை ஆப்பிரிக்க மாணவரும் கற்றனர். 1925இல் லண்டனில் மேற்கு ஆப்பிரிக்க மாணவர் சங்கத்தை நிறுவியவர்களுள் முதன்மையானவர் நைஜீரியரான லடிப்போ சோலங்கே. அவர் 1929 முதல் 1932 வரை தாயகத்து ஊர்களெங்கும் சென்று, விடுதிக்காக நிதி திரட்டினார். 1933இல் விடுதி திறக்கப்பட்டது. மறுவருஷம் குடியேற்ற நாட்டு இலாகாவின் ஆதரவில் வேறொரு விடுதி தோன்றியபோது, அது தங்களை அடக்கும் சூழ்ச்சியென்று அச்சங்கத்தார் எதிர்த்தனர். தம் கையில் ஒரு கூரை இருந்தமையால் வேண்டாமென்று சொல்லும் துணிவு அவர்களுக்கு இருந்தது.

இவற்றால் நாம் அறிவது யாது? நகரம் ஏழை மாணவனுக்குத் தானாக இடந்தராது. பிறர் தருவதாயின் அதற்கொரு விலையுண்டு. தன் சமூகம் சேர்ந்து கட்டிய விடுதியில்தான் அவன் தலைநிமிர்ந்து படிப்பான்.

இன்று நம் தோட்டத்துப் பிள்ளைகளும் மேற்படிப்புக்காகக் கோலாலம்பூர் முதலிய நகரங்களை நாடுகின்றனர். பள்ளிச் சம்பளத்துக்கு வழி செய்துவிட்டால் நம் கடமை முடிந்ததென எண்ணுதல் தவறு. வாடகை கொடுக்க வகையின்றிப் பாதியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பும் பிள்ளைக்கு, இடம் கொடுத்த கலாசாலையால் என்ன பயன்? நம் சங்கங்கள் மாலைக்கும் பொன்னாடைக்கும் செலவிடுவதில் ஒரு பகுதியை ஒதுக்கினால், நகரில் நாலு பிள்ளைகள் தங்க ஒரு வீட்டையாவது வாடகைக்கு எடுக்கலாம். லண்டனில் தமிழர் ஒருவரின் முயற்சி கூடத் தற்காலிகக் கட்டிடத்தில்தான் தொடங்கிற்று. நாம் ஒரு வீட்டில் தொடங்குவோம்.