தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும்

ஒருவரை நயமொழிகளால் மயக்கித் தவறான வழியிற் செலுத்துதலை ஆங்கிலேயர் ‘தோட்டத்துப் பாதையில் அழைத்துச் செல்லுதல்’ என்பர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழக்கில் வேரூன்றிய தொடர் இது. மலரும் நிழலும் மலிந்த பாதையில் இனிது உரையாடி நடப்பவன், தான் எங்கே கொண்டு செல்லப்படுகிறான் என்பதை உணரான். பதுளை முதலாகிய ஊவா மலைப்புறங்களிலோ தோட்டம் என்னும் சொல் பூங்காவைக் குறிப்பதன்று. லயமும் மலையும் பிரட்டும் கடனும் சேர்ந்த தனியுலகம் அது. அவ்வுலகினர் ஏமாற்றத்தைக் குறிக்கத் தமக்கென ஒரு மொழி வைத்துள்ளனர். ‘தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும்’ என்பதே அது.

தேயிலைச் செடியின் அடியைக் கிளறினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசை காட்டியே கங்காணிமார் தமிழகத்துச் சிற்றூர்களில் ஆள் கட்டினர் என்பது செவிவழிச் செய்தி.

இம்மொழியின் காலத்தை அதுவே காட்டிக்கொடுக்கிறது. மலைநாட்டில் முதற்கண் பயிரானது கோப்பி. அதனை அழித்த இலைநோய் 1869ஆம் ஆண்டில் முதன்முதல் காணப்பட்ட இடம் பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமை. அதற்கு ஈராண்டு முன்னர், 1867இல், கண்டிப் பகுதியின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வாணிகப் பயிராக நட்டிருந்தார். எனினும் கோப்பி வீழ்ந்த பின்னரே, 1880களில், அது மலைகளெங்கும் பரவிற்று. தொமஸ் லிப்டன் ஹப்புத்தளைக்கு அண்மையில் தம்பேதன்னையை வாங்கியது 1890இல். ஆகலின், தேயிலைத் தூரைச் சுட்டும் இவ்வடிவம் மிகப் பழையதாதல் அரிது. மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே கால்நடையாக வந்து, இடைவழியில் நோயாலும் பசியாலும் பலரை இழந்த கோப்பிக் காலத்தவரை அழைத்த சொல்லில் தேயிலை இருந்திராது.

இனி, வந்தவர்கள் இதனை உண்மையென நம்பினரா என்பது வினா. நம்பினர் எனக் கொண்டு முன்னோரின் பேதைமைக்கு நகைப்போர் உளர். அவர்களோ மண்ணோடு பழகிய உழவுத்தொழில் மரபினர். கடல்மீனை உலர்த்திச் செய்யும் மாசி ஒரு செடியின் வேரில் விளையாது என்பதை அறியாதவர் அல்லர். அவர்களைக் கப்பலேற்றியது பசி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் மக்கள் பெருந்திரளாக இலங்கைக்கு வந்தனர். கங்காணி தந்த முன்பணத்துக்கு முன் எந்த ஆசைமொழியும் வேண்டியிருக்கவில்லை.

எனவே இத்தொடர் அழைத்தவன் வாயிற் பிறந்ததன்று, வந்து சேர்ந்தவன் வாயிற் பிறந்த அங்கதம் எனக் கொள்வதே பொருத்தம். தேர்ந்தெடுத்த பொருள்களும் அதற்குச் சான்றாகும். ஹப்புத்தளை, நமுனுகுலைச் சாரல்களின் உயரத்தில் தென்னை செழித்துக் காய்ப்பதில்லை. மாசியோ மாலைதீவிலிருந்து கடல் கடந்து வருவது. இம்மலையில் இரா என்பதை நன்குணர்ந்தவனே இவ்விரண்டையும் இணைத்திருத்தல் கூடும். முள்ளுக்குத்தியவனுக்குத் தூரடியில் கிடைத்தவை கல்லும் வேருமே, அட்டைக்கடி வேறு.

பெற்ற முன்பணம் கடனாயிற்று. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல விரும்பியோரின் கடன் ‘துண்டு’ எனப்பட்ட சீட்டிற் குறிக்கப்பட்டது. புதிய தோட்டம் அதனைச் செலுத்தினாலன்றிப் பெயர இயலாது. தொழிலாளர் தலைக்கணக்கில் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தமையால், ஆள் மிகுதல் அவனுக்கு ஆதாயம். துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது.

மூன்றாண்டின் பின், 1924இல், பண்டாரவளையிலிருந்து நீட்டப்பட்ட இருப்புப்பாதை தெமோதரை வழியாகப் பதுளையை அடைந்தது. தேங்காயும் மாசியும் அதன்பின் புகைவண்டியேறிப் பதுளைக் கடைவீதிக்கு வந்தன, விலைக்கு.