ஏட்டில் நீங்கிய மலையூர்கள்

ஒற்றி என்பது நிலவழக்கில் பயின்றுவரும் பழஞ்சொல். கடன் கொடுத்தவன் அக்கடன் தீருங்காறும் நிலத்தைத் தன் துய்ப்பில் வைத்துக்கொள்ளும் அடைமானத்தை அது குறிக்கும். அச்சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்பது தொண்டைநாட்டுக் கடற்கரைப் பதியாகிய திருவொற்றியூர். பெயர்க்காரணம் பற்றிய புராணக் கதைகளை ஈண்டு ஆராயப் புகுந்திலம். நாம் எடுத்துக்கொள்வது, சேக்கிழார் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துள் சுட்டிச் செல்லும் ஒரு செய்தி. அரசனது வரியோலையில் ஒற்றியூருக்கு மட்டும் விலக்கு உண்டு என்பதை இறைவனே எழுதிச் சேர்த்தான் என்பதும், எழுத்தறியும் பெருமான் என்னும் பெயர் அதனால் அமைந்தது என்பதும் அச்செய்தியின் சாரம்.

இக்கதையில் நம் கருத்தைக் கவர்வது ஒன்று. விலக்கே எனினும் அது எழுத்தில் வந்த விலக்கு. வரியினின்று நீங்கிய ஊர் ஏட்டினின்று நீங்கவில்லை. ஏட்டில் இடம்பெற்றே வரியினின்று நீங்கிற்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் காணும் இறையிலி என்பதும் இத்தகையதே. இன்ன எல்லைக்குட்பட்ட இத்தனை நிலம், இன்ன அறத்திற்காக, இன்னார் பொறுப்பில் இறையிலியாயிற்று என்று கல்லில் பொறித்தாலன்றி அவ்விலக்குச் செல்லாது. திருவொற்றியூர்க் கோயிலில் பல்லவர் காலம் தொட்டு எழுதப்பட்ட கல்வெட்டுகள் நூற்றுக்கு மேற்பட்டன. முதலாம் இராசேந்திரன் காலத்தில் கருங்கல்லால் விமானம் எடுத்த தச்சனது பெயரைக்கூட, இரவி என்னும் வீரசோழத் தச்சன் என, அவை நமக்குக் காட்டுகின்றன. ஒரு தச்சன் பெயர் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு நின்றுள்ளது.

இதற்கு நேர்மாறானதொரு விலக்கும் தமிழகத்தில் இருந்தது. ஏட்டில் எழுதி நீக்கப்படாமல், ஏட்டில் ஏறாமையாலேயே நீங்கிய ஊர்கள் அவை. அவற்றுள் தலையாயதாக நாம் கருதுவது கல்வராயன்மலை. மலைவாழ் சிற்றூர்களின் வரலாற்றை எழுதுவோர் பலரும் அவ்வூர்களின் தாழ்வுக்குத் தொலைவையும் உயரத்தையும் காரணங் காட்டுவர். அது பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

கல்வராயன்மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி. இன்றைய கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பெரும்பகுதி பரந்துள்ளது. வடபால் அமைந்த சின்னக் கல்வராயன் ஏறத்தாழ 2700 அடியும், தென்பால் அமைந்த பெரிய கல்வராயன் ஏறத்தாழ 4000 அடியும் உயர்ந்தவை என்பர். கோமுகியாறு இம்மலையிற் பிறந்து சமவெளிக்கு இறங்குகின்றது. இமயம் போல் ஏறற்கரிய மலை அன்று இது. அடிவாரத்தில் விடியலிற் புறப்பட்டவன் நண்பகலுக்குள் மேலேறிவிடலாம்.

இம்மலைப்புறம் பழங்காலத்தில் யாரும் அறியாத மூலையாக இருந்ததா எனின், இல்லை. இதன் வடக்கே உள்ள செங்கம், பத்துப்பாட்டுள் இறுதியாகிய மலைபடுகடாத்தின் தலைவன் நன்னன் ஆண்ட செங்கண்மா. அப்பாட்டு, கூத்தரை மலைவழியே ஆற்றுப்படுத்துவது. மலையூர் தோறும் உணவும் தங்கலும் கிடைக்கும் என்று நம்பிச் செல்லத்தக்க வழியையே புலவர் காட்டுகின்றார். செங்கம் பகுதி நடுகற்களோ, தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972-இல் நூலாக வெளியிட்ட அளவில், ஆநிரை காத்தும் கவர்ந்தும் பட்ட வீரர்களைப் பெயரும் ஊரும் சுட்டி உரைக்கின்றன. அப்பர் அடிகள் ஊர்ப்பெயர்களை ஈற்றுச்சொல் பற்றி அடைவுபடுத்திய திருத்தாண்டகத்தில் ஊர் என முடிவனவற்றுள் ஒற்றியூரையும், பள்ளி என முடிவனவற்றுள் கொல்லிமலையின் அறைப்பள்ளியையும் வைத்துள்ளார். கடற்கரைப் பதியும் மலைமேற் பதியும் அவர்க்கு ஒரே அடைவில் அடங்கின. தொலைவு என்பது அப்பட்டியலில் இல்லை.

மலைமக்களின் சொந்த நினைவும் இதனையே காட்டுகின்றது. சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சைமலை ஆகிய மலைகளில் வாழ்வோர் மலையாளி எனப்படுவர். (கேரள நாட்டாரோடு இவர்க்குத் தொடர்பு கற்பிப்பது பிழை, மலையை ஆள்வோர் என்பதே பொருள்.) தாங்கள் காஞ்சியினின்று வந்தவர் என்பது இவர்தம் வழிவழி வழக்கு. கரியராமன் என்னும் தெய்வம் காஞ்சியை நீங்கி மலைபுக, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் குடும்பத்தோடு பின்தொடர்ந்து வெவ்வேறு மலைகளிற் குடியேறினர் என்னும் கதையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் சேலம் மாவட்டக் கையேடு பதிவு செய்தது. தர்ஸ்டன் தம் 1909-ஆம் ஆண்டுத் தொகுதிகளில் அதனை எடுத்தாண்டார். கதை வரலாறாகுமா என்பது வேறு வினா. தம்மை நகரத்தினின்று வந்தவராக, தொண்டைநாட்டின் உறவினராக எண்ணும் மக்களைத் தனித்தீவினர் என்று நாம் எழுதுவது முறையன்று என்பது மட்டும் உறுதி.

அவர்தம் வாழ்க்கை முறையும் இங்கே கருதற்குரியது. சிற்றூரை அவர்கள் வளவு என்பர். வீட்டைச் சூழ்ந்த இடத்தைக் குறிப்பதாக நாம் நூல்களில் அறிந்த சொல், மலையில் உறவினர் வீடுகள் சேர்ந்த குடியிருப்பைக் குறிக்கின்றது. மூங்கிலும் மண்ணும் கொண்டு சுவர் எழுப்பி, புல் வேய்ந்த வீடுகளில், தவசம் வைக்கும் பரண் மேலே அமையும். நிலம் இருவகைப்படும். ஏர் செல்லும் சமநிலம் உழவுக்காடு. ஏர் செல்லாத சரிவில் கொத்துக்கோலால் கிளறி விதைப்பது கொத்துக்காடு. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை விளைந்தன. புறநானூற்று 109-ஆம் பாட்டில் கபிலர் பறம்பு மலையின் உழாத விளைவுகளாக மூங்கில் அரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கனை எண்ணுகின்றார் அன்றோ? அவற்றைக் குறிஞ்சியின் வளம் என்று வகுப்பறையில் விளக்கி மகிழ்கின்றோம். சாமை தீர்ந்து அடுத்த அறுவடைக்குக் காத்திருக்கும் மலைக் குடும்பத்திற்கோ கிழங்கு அகழ்வது வளத்தின் அடையாளம் அன்று, பற்றாக்குறையின் அடையாளம். கபிலர் பாட்டும் முற்றுகையிடப்பட்ட மலையைப் பற்றியதே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம்.

வளவுக்கு ஊர்க்கவுண்டர், பல வளவுகள் சேர்ந்த நாட்டுக்கு நாட்டார், அதற்கும் மேல் பட்டக்காரர் என்று வழிவழித் தலைமை அமைந்திருந்தது. வழக்குத் தீர்த்தலும் திருமண ஒப்புதலும் திருவிழா நாள் குறித்தலும் இவர்கள் கையில் இருந்தன. நாடு என்னும் சொல் சோழர் கல்வெட்டுகளிற் கண்ட அதே நிலப்பிரிவுப் பொருளில் மலைமேல் அண்மைக்காலம் வரை உயிரோடு வழங்கியமை ஆய்வாளர் கருத்திற் கொள்ளத் தக்கது.

இனி, தொலைவு எங்ஙனம் நேர்ந்தது என்பதைக் காண்போம். கல்வராயன்மலையின் தென்னார்க்காட்டுப் பகுதி சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என மூன்று ஜாகீர்களாகப் பிரிந்திருந்தது. கிருட்டிணதேவராயர் (1509-1529) அளித்த கொடை இது என்பது மரபு. ஜாகீர் என்னும் பாரசீகச் சொல் பிற்கால ஆட்சியோடு வந்து சேர்ந்தது ஆதலின், பழைய பாளைய உரிமையின் மீது பின்னை வந்த அரசுகள் தத்தம் பெயரை ஏற்றின என்று கொள்ளலே தகும். கவுண்டன் என்னும் பட்டத்தை நோக்க, இத்தலைவர்கள் மலைச் சமுதாயத்தின் தலைமையினின்றே எழுந்தவராதல் வேண்டும்.

1792-ஆம் ஆண்டுத் திருவரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கும்பினியார் கைக்கு வந்தன. அங்கேதான் கர்னல் ரீடும் அவர்க்குத் துணைநின்ற தாமசு மன்றோவும் உழவனோடு நேரே வரி தீர்க்கும் இரயத்துவாரி முறைக்கு அடியிட்டனர். ஒவ்வொரு வயலையும் அளந்து, ஒவ்வொரு உழவன் பெயரையும் எழுதும் முறை அது. அதன் குறைகளை இங்கே மறைக்க வேண்டுவதில்லை. வரிச்சுமையால் வீழ்ந்தோர் பலர். எனினும் உழவன் பெயர் அரசு ஏட்டில் ஏறிற்று. கல்வராயன்மலையின் அடிவாரத்தில் தோன்றிய அம்முறை, ஜாகீர் எல்லையைத் தாண்டி மேலே ஏறவில்லை. மலைமேல் ஏட்டில் இருந்த பெயர் ஜாகீர்தாருடையது. கொத்துக்காட்டைத் திருத்தியவன் பெயருக்கு இடமில்லை. அவன் ஜாகீருக்கு வரி தந்தான். கூலியின்றிப் பணியும் செய்தான். வெட்டி என்றும் அமஞ்சி என்றும் சோழர் கல்வெட்டுகளில் நாம் படிக்கும் கட்டாய உழைப்பு, இருபதாம் நூற்றாண்டின் நடுவிலும் இம்மலையில் நிகழ்ந்தது. கூலியில்லா உழைப்பைக் குறித்த சொல், பயனில்லா வேலையைக் குறிக்கும் இழிசொல்லாக இன்று மாறியுள்ளமை, சொல்லை வழங்கியவர் யார், உழைத்தவர் யார் என்பதை நன்கு காட்டும்.

ஒப்பிட்டுக் காண்பதற்கு அருகிலேயே சேர்வராயன்மலை உள்ளது. உயரத்தால் அது கல்வராயனுக்குக் குறைந்ததன்று, மிக்கதே. குடிகளும் அதே மலையாளி மக்கள். 1820-களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் காப்பிச் செடியைப் புகுத்திய பின்னர், ஏற்காட்டில் ஐரோப்பியர் தோட்டங்கள் பெருகின. தோட்டத்தைத் தொடர்ந்து சாலையும் பள்ளியும் மருத்துவ நிலையமும் வந்தன. மலைமக்கள் தம் நிலத்தை அங்கே பெரிதும் இழந்தனர். ஆதலின் அதனை நற்பேறு என்று நாம் கூறமாட்டோம். ஆயினும் உயரம் மிக்க மலைக்குச் சாலை வந்ததும், உயரம் குறைந்த மலைக்கு வாராமையும் எதனால்? உயரத்தால் அன்று, நிலவுரிமை முறையால் என்பதே விடை.

சாலை இல்லை என்பதால் வாணிகம் இல்லை என்று எண்ணற்க. கல்வராயனின் கடுக்காயும் புளியும் தேனும் தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் மேலும் அடிவாரச் சந்தைகளுக்கு இறங்கின. தோல் பதனிடுவதற்குக் கடுக்காய் இன்றியமையாதது. தமிழகத்துத் தோல் பதனிடுவோர் அதனைப் பெரிதும் பயன்கொண்டனர். சென்னைத் துறைமுகத்தினின்று மேனாட்டிற்கு ஏற்றுமதியான பொருள்களுள்ளும் அது ஒன்று. ஆகவே மலையிற் பொறுக்கிய காய், இராயபுரத்தை ஒட்டிய கடலில் கப்பலேறிச் செல்லும் வழி திறந்தே இருந்தது. உப்பும் துணியும் மேலேறின. பொருளுக்கு மலை தொலைவில் இல்லை. பொறுக்கியவன் பெயருக்கே தொலைவில் இருந்தது.

விடுதலைக்குப் பின் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தின் ஜமீன்கள் ஒழிந்தன. கல்வராயன் ஜாகீர்களோ 1976 ஜூன் 25-ஆம் நாள்தான் அரசின் கைக்கு வந்தன. 1950-இலேயே மலையாளி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்றுவிட்டனர். ஆனால் குடியரசின் பட்டியலில் பெயர் பெற்ற மக்கள், மேலும் 26 ஆண்டுகள் ஜாகீர் ஆட்சியின்கீழ் வாழ்ந்தனர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் நடுவணரசுச் சட்டமும் அதே 1976-இல் வந்தது என்பதை இவ்விடத்துக் கருதுக.

1976-க்குப் பின்னும் நிலைமை எளிதில் மாறவில்லை. முன்பு அளக்கப்படாத நிலத்திற்குப் பட்டா பெறுவது, தலைமுறைகளாக உழுதவனுக்கே அரிதாயிற்று. பட்டா இல்லாதவனுக்கு வங்கி கடன் தராது. கடன் தருபவர் சமவெளி வணிகரே. ஒற்றி வைத்தற்கும் எழுத்துரிமை வேண்டும் அன்றோ? அஃதில்லாதவன் நிலத்தை வாய்மொழியால் விட்டுக்கொடுத்தான், அல்லது வரும் விளைவை முன்கூட்டியே விற்றான், அல்லது முன்பணம் பெற்றுத் தன் உழைப்பையே ஒற்றி வைத்தான். 2006-ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம் காடு சார்ந்த நிலங்களுக்கு உரிமை வழங்க வழிசெய்தது எனினும், தமிழகத்தில் அதன் செயற்பாடு மிகத் தாமதித்தே தொடங்கிற்று.

உழைப்பை ஒற்றி வைத்தலின் முடிவு எத்துணைக் கொடிதாதல் கூடும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் ஆந்திரத்தின் சேசாசலம் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றவர்கள் எனக் கூறப்பட்ட தமிழர் 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களுள் கல்வராயனை அடுத்த சித்தேரிமலையினரும் சவ்வாதுமலையினரும் இருந்தனர். மரம் வெட்டியது குற்றமாயின் அதற்கு முறைமன்றம் உண்டு. மலையில் நிலமிருந்தும் ஏட்டுரிமையும் வருவாயும் போதாமல், இடைத்தரகர் தரும் முன்பணத்திற்காக அயல்நாட்டுக் காடு நோக்கி ஏன் சென்றனர் என்பது வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய வினா.

2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன்மலை தனி வட்டமாகவும் ஆயிற்று. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் 60-க்கு மேற்பட்டோர் மாண்டபோது, சாராயம் காய்ச்சும் இடம் என்றே இம்மலை பலர்க்கு அறிமுகமாயிற்று. அதனையொட்டிச் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மக்களின் வாழ்நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, பேருந்து, பள்ளி, மருத்துவம் ஆகியவை பற்றி அரசிடம் வினவிற்று. 1976 வரை ஜாகீர் நிலவிய செய்தியும் அவ்வழக்கின்போதே பொதுமக்கள் பலரின் செவிக்கு எட்டிற்று. தமிழ் ஆய்வுலகத்துக்கும் அதற்கு முன் பெரிதும் எட்டியிருந்ததாக நாம் கூறவியலாது. மலைபடுகடாத்தின் நிலவியலை ஆராய்ந்தவர்கள் நம்முள் பலர். அம்மலைகளின் நிலவுரிமையை ஆராய்ந்தவர் மிகச் சிலர்.

இவ்வாய்வுக்குச் சான்று எங்கே என்று முதுகலை மாணவர் கேட்கலாம். திருவொற்றியூரில் உள்ளதுபோல் சுவர் நிறைந்த கல்வெட்டு மலைமேல் இராது. காட்டுப் பெயர்களும் வளவுப் பெயர்களும் உள்ளன. எவ்வளவு எவரால் திருத்தப்பட்டது என்பதை அவை பலகாலும் சொல்லும். கரியராமன் விழாவில் எந்நாட்டார்க்கு எம்முதன்மை என்னும் வரிசைமுறை உள்ளது. அடிவார வணிகரின் பழங்கணக்குகளும், பட்டக்காரர் வீடுகளில் பேணப்படும் ஓலைகளும் செப்பேடுகளும் இருத்தல் கூடும். யாவற்றினும் விரைந்து தேடற்குரியது மனிதர் நினைவு. 1976-இல் இருபது அகவையினராய் ஜாகீர் நிலத்தில் வெட்டி செய்தவர்கள் இன்று எழுபது அகவையை எய்தியுள்ளனர்.