வெயில் நாட்டில் வைட்டமின் டி குறைபாடு: ஒரு வரலாறு

உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்கும் அது எலும்பில் சேர்வதற்கும் துணைசெய்யும் சத்து வைட்டமின் டி. மற்ற வைட்டமின்களைப் பெரும்பாலும் உணவிலிருந்தே பெறுகிறோம். இதை மட்டும் நம் தோலே வெயிலின் உதவியால் உண்டாக்கிக்கொள்கிறது. இது குறைந்தால் குழந்தைகளுக்கு எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயும், பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகி வலிக்கும் ஆஸ்டியோமலேசியா நோயும் வருகின்றன. ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் இந்தியாவில் இக்குறை ஏன் வந்தது, அதை யார் கண்டறிந்தார்கள் என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

கண்டுபிடிப்பு

தொழிற்புரட்சிக் காலத்தில் புகை சூழ்ந்த ஐரோப்பிய நகரங்களில் ரிக்கெட்ஸ் பெருகியது. ஜப்பானில் பணியாற்றிய தியோபால்ட் பாம் என்ற மருத்துவர், அங்கு இந்நோய் அரிதாக இருப்பதைக் கண்டார். வெயில் குறைவே நோய்க்குக் காரணம் என்று 1890இல் எழுதினார். அப்போது அதைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை.

1919இல் இரண்டு விடைகள் ஒரே ஆண்டில் கிடைத்தன. இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி, நாய்க்குட்டிகளுக்கு வந்த ரிக்கெட்ஸைக் காட் மீனின் ஈரல் எண்ணெய் தடுப்பதைக் காட்டினார். பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, புற ஊதாக் கதிர் விளக்கின் ஒளியால் குழந்தைகளைக் குணப்படுத்தினார். ஒருவர் உணவு என்றார், மற்றவர் ஒளி என்றார். இருவர் சொன்னதும் சரி என்பதை வியன்னாவில் ஹாரியட் சிக் தலைமையிலான குழுவின் ஆய்வுகள் உறுதிசெய்தன. 1922இல் அமெரிக்காவின் மெக்காலம், மீன் எண்ணெயில் வைட்டமின் ஏ-யை அழித்த பின்பும் அது ரிக்கெட்ஸைக் குணப்படுத்துவதைக் கண்டு, அந்தத் தனிச் சத்துக்கு 'டி' என்று பெயரிட்டார். 1928இல் அடால்ஃப் விண்டவுஸ் என்ற செருமானியர், வைட்டமின்களோடு தொடர்புடைய ஸ்டெரால் ஆய்வுக்காக வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

நாசிக்கும் காஷ்மீரும்

இந்தியாவிலிருந்து கிடைத்த சான்றுகள் இந்த வரலாற்றில் முக்கியமானவை. நாசிக்கில் ரிக்கெட்ஸை ஆராய்ந்த ஹட்சிசன், ஷா ஆகியோரின் ஆய்வு 1922இல் வெளிவந்தது. நல்ல உணவு கிடைத்த வசதியான வீடுகளில், வெளியே விடாமல் வளர்க்கப்பட்ட குழந்தைகளிடம் நோய் காணப்பட்டது. எளிய உணவு உண்டு வெளியில் வளர்ந்த ஏழைக் குழந்தைகள் பெரும்பாலும் தப்பினர்.

கேத்லீன் வாகன் என்ற பெண் மருத்துவர் காஷ்மீரில் இதையே தாய்மார்களிடம் கண்டார். படகில் வாழ்ந்து வெயிலில் உழைத்த பெண்களுக்குப் பிரசவம் எளிதாக இருந்தது. முக்காட்டுக்குள் வீட்டில் அடைபட்டிருந்த பெண்களுக்கு இடுப்பெலும்பு சுருங்கி, பிரசவமே உயிருக்கு ஆபத்தானது. 1928இல் அவர் எழுதிய நூல், இந்தியத் தாய்மார்களின் மரணத்துக்கும் வெயில் காணாத வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியது.

நாட்டில் வெயில் இருப்பது மட்டும் போதாது. அது மனிதரின் தோலில் பட வேண்டும். இந்த இரண்டு ஆய்வுகளும் சொல்வது இதைத்தான்.

குன்னூர் ஆய்வகம்

உணவின் பக்கத்தை ஆராய்ந்த பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. நீலகிரி மாவட்டம் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தில், 1918இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமானது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து அவர் வளர்ச்சியை ஒப்பிட்டார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கலந்த வட இந்திய உணவு தந்த எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்டு, பாலும் காய்கறியும் குறைந்த சென்னை மாகாண உணவு தந்தவை பின்தங்கின. அரிசி உண்பவர்களுக்கு இது கசப்பான செய்திதான். ஆனால் இதில் குற்றம் அரிசியின் மேல் மட்டும் இல்லை. தட்டில் அரிசியைத் தவிர வேறு எதுவும் போதிய அளவில் இல்லாததே பெருங்குறை.

அவருக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை 1937இல் வெளியிட்டார். இக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் (1918–2019) அதன் இயக்குநராக இருந்து பல தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கினார்.

வைட்டமின் டி குறை இன்னும் இருக்கிறது

நோய் பழைய கதையாகிவிட்டது என்று எண்ணிய காலத்தில், 2000இல் வெளியான ஓர் ஆய்வு டெல்லியில் நலமாகத் தோன்றியவர்களிடமும் வைட்டமின் டி மிகக் குறைவாக இருப்பதைக் காட்டியது. தெற்கே திருப்பதியில் சி. வி. ஹரிநாராயண் குழுவினர் நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. வயலில் உழைத்த கிராமத்தினருக்கு நகரத்தாரைவிட அளவு கூடுதலாக இருந்தது. ஆனாலும் இரு தரப்பிலும் பலருக்கு அது போதவில்லை. உணவில் கால்சியம் குறைந்ததும், தானியங்களிலுள்ள பைட்டேட் என்ற பொருள் கால்சியத்தைக் கட்டிப்போட்டதும் நிலைமையை மோசமாக்கின. வெயிலும் உணவும் சேர்ந்தே எலும்பைக் காக்கின்றன என்பதற்கு இது நம் பக்கத்து ஊர்ச் சான்று.

திருப்பருத்திக்குன்றமும் தறியும்

காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரையில் உள்ள திருப்பருத்திக்குன்றம் சினகாஞ்சி என்றும் அழைக்கப்படுகிறது. இங்குள்ள திரைலோக்கியநாதர் சமணக் கோயிலின் சங்கீத மண்டபம், விஜயநகர அமைச்சர் இருகப்பரால் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டது. இவ்வூரையும் இதைச் சுற்றியுள்ள நெசவு ஊர்களையும் நினைத்தால், மேற்சொன்ன வரலாறு ஏட்டோடு நிற்காமல் வீட்டுக்குள் வருகிறது.

பட்டு நெசவாளர் குழித்தறியின் விளிம்பில் அமர்ந்து, கால்களைப் பள்ளத்தில் தொங்கவிட்டு, பகல் முழுவதும் கூரைக்குள் வேலை செய்கிறார். தெருவில் பாவை இழுத்துப் பிடித்துச் சீர்செய்யும் வேலை பெரும்பாலும் காலையிலேயே முடிந்துவிடும். தோலில் வைட்டமின் டி-யை உண்டாக்கும் பி வகைப் புற ஊதாக் கதிர்கள் அந்நேரத்தில் மிகக் குறைவு. வெயில் ஏறி அவை பெருகும் வேளையில் நெசவாளர் தறியில் இருக்கிறார். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெளிச்சத்திலும் பயன் இல்லை. கண்ணாடி அக்கதிர்களைத் தடுத்துவிடும்.

தமிழ்ச் சமணர் இறைச்சி, மீன், முட்டை உண்பதில்லை. காளானையும் மரபாகத் தவிர்ப்பவர்கள் உண்டு. வைட்டமின் டி இயல்பாக உள்ள உணவுகள் கொழுப்பு மீன்கள், முட்டையின் மஞ்சள் கரு, ஈரல், வெயில் பட்ட காளான் என்று மிகச் சிலவே. 1989இல் தமிழ்நாட்டின் சத்துணவில் முட்டை சேர்க்கப்பட்டது. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. வாழைப்பழம் நல்ல உணவுதான், ஆனால் அதில் வைட்டமின் டி இல்லை. ஆகவே சைவ உணவுக் குடும்பங்களுக்கு வெயிலும், வைட்டமின் சேர்த்துச் செறிவூட்டிய பாலும் எண்ணெயும் கூடுதல் முக்கியம். செறிவூட்டிய பொட்டலங்களில் '+F' என்ற குறி இருக்கும்.

அன்றாடத்தில் செய்யக்கூடியவை

* முற்பகலின் பிற்பகுதியிலிருந்து பிற்பகலின் தொடக்கம் வரை, கையும் காலும் வெயிலில் படும்படி சிறிது நேரம் வெளியே இருக்கலாம். தோல் சிவக்கும் வரை நிற்கத் தேவையில்லை. கருநிறத் தோலுக்கும் முதியவர்களுக்கும் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும்.
* கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அரிசியில் அதன் சிறு பங்குதான். முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் பைட்டேட்டைக் குறைக்கும். நம் பாட்டிமார் வைத்த புளித்த கூழும் முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சியும் இந்த வகையில் சிறந்தவை.
* பால், தயிர், எள், முருங்கைக்கீரை ஆகியவை கால்சியம் தரும். மீன் உண்பவர்கள் நெத்திலியை முள்ளோடு உண்ணலாம்.
* பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 பன்னாட்டு அலகு வைட்டமின் டி-யும், 1,000 மில்லிகிராம் கால்சியமும் தேவை என்பது 2020இல் வெளியான இந்தியப் பரிந்துரை.
* மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தொடர்ந்து உண்ணக் கூடாது. இது கொழுப்பில் கரையும் சத்து. மிகுந்தால் உடலில் தங்கி, இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நாசிக்கின் குழந்தைகளையும் காஷ்மீரின் தாய்மார்களையும் நோயில் தள்ளியது அவர்களின் தலைக்கு மேலிருந்த கூரை. இன்று தறிக்கூடம், அலுவலகம், வகுப்பறை, கைப்பேசி என்று அந்தக் கூரைக்குப் பல வடிவங்கள். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் நாள் முழுவதும் தறியில் அமர்பவர் இருந்தால், நண்பகல் இடைவேளையில் அவரையும் வாசலுக்கு அழைத்து வாருங்கள்.